தினையும் திணையும்: கொல்லிமலை எனக்குக் கற்பித்த பாடம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்வட்டத்தின் மாதக் கூட்டங்களுக்குப் பலமுறை வந்து, கடைசி வரிசையில் அமர்ந்து, கவிதைகளைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் வீடு திரும்பியவள் நான். அத்தகைய என்னை இன்று மேடையேற்றி, 'குறிஞ்சி நிலமும் கவிதையும்' என்னும் பொருளில் பேசுமாறு செயலாளர் பணித்தார். என் முனைவர் பட்ட ஆய்வேடு நற்றிணை, குறுந்தொகை ஆகிய நூல்களின் குறிஞ்சிப் பாடல்களில் வரும் கருப்பொருள்களைப் பற்றியது. ஆதலின் இத்தலைப்பு எனக்கு எளிதாக இருக்கும் என்று அவர் கருதியிருக்கலாம். ஆனால் அந்த ஆய்வேட்டிலிருந்து ஒரு பக்கத்தையும் நான் இன்று படிக்கப் போவதில்லை. அதனை எழுதி முடித்துப் பட்டமும் பெற்ற பின்னர், ஒரு வகுப்பறையில் நான் செய்த பிழையைப் பற்றியும், அப்பிழையை உணர்வதற்கு ஒரு மலையேற வேண்டியிருந்ததைப் பற்றியும் உங்களிடம் சொல்ல விரும்புகின்றேன். கவிஞர்கள் நிறைந்த அவையில் அதனைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அதனை இறுதியிற் கூறுவேன்.

ஒரு வகுப்பறை

2012ஆம் ஆண்டு. இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு வகுப்பு. குறிஞ்சித்திணையின் கருப்பொருள்களை நடத்திக் கொண்டிருந்தேன். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், பண் என்று வரிசையாகச் சொல்லி, உணவு என்ற இடத்தில் நிறுத்தி, "தினை விளைந்து நிற்பதை உங்களில் யாரேனும் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். இக்கேள்வியை ஒவ்வோராண்டும் கேட்பது என் வழக்கம். ஒருவரும் கை தூக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த அமைதியின்மீதுதான் என் விளக்கத்தைத் தொடங்குவேன்.

அவ்வாண்டு கடைசி வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. கொல்லிமலைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த மாணவி அவள். அதுவரை வகுப்பில் வாய் திறந்தவள் அல்லள். எழுந்து நின்று, "எந்தத் தினை அம்மா? எங்க ஊர்ல மூக்காந்தினை, செந்தினை, பெருந்தினைன்னு இருக்கு" என்றாள்.

'பெருந்தினை' என்ற சொல் காதில் விழுந்ததும் வகுப்பு முழுவதும் சிரித்தது. தமிழ் படிக்கும் பிள்ளைகள் அல்லவா? பெருந்திணை என்றால் பொருந்தாக் காமம் என்று அதற்கு முந்தைய வாரந்தான் நடத்தியிருந்தேன். நானும் சிரித்துவிட்டேன். சிரித்ததோடு நிற்கவில்லை. "பெருந்திணை அகத்திணை ஏழனுள் ஒன்றம்மா. நாம் பேசுவது தானியத்தைப் பற்றி. இரண்டுசுழி னகரத்தையும் மூன்றுசுழி ணகரத்தையும் குழப்பிக் கொள்ளாதே" என்று திருத்தினேன். அவள், "இல்லைங்கம்மா..." என்று தொடங்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, "சரிங்கம்மா" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

அப்பருவத் தேர்வில் குறிஞ்சியின் கருப்பொருளை விளக்குமாறு ஒரு வினா இருந்தது. அவள் விடைத்தாளைத் திருத்தினேன். உணவு: தினை, ஐவன நெல், மூங்கிலரிசி என்று நான் சொல்லிக் கொடுத்தபடியே, ஒரு சொல் கூடாமலும் குறையாமலும் எழுதியிருந்தாள். தன் ஊரைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. நான் முழு மதிப்பெண் இட்டேன்.

சில மாதங்கள் கழித்து, கொல்லிமலையின் சிறுதானியங்களைப் பற்றிய கட்டுரை ஒன்று தற்செயலாக என் கைக்கு வந்தது. அம்மலையில் பயிரிடப்படும் தினை வகைகளின் பட்டியல் அதில் இருந்தது. மூக்காந்தினை இருந்தது, செந்தினை இருந்தது, பெருந்தினையும் இருந்தது. இரண்டுசுழி னகரத்தில்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தினை என்னும் சொல் எந்தெந்தப் பாடலில் எத்தனை முறை வருகின்றது என்று சிறு அட்டைகளில் குறித்து, அடுக்கி, எண்ணி, பட்டம் பெற்றவள் நான். ஆனால் தினைச் செடியை நான் பார்த்ததே இல்லை. பார்த்தவள் ஒருத்தி எழுந்து பேசியபோது அவள் வாயை இலக்கணத்தால் அடைத்துவிட்டேன்.

மறுநாள் அவளை அழைத்து, "என்னை உன் ஊருக்கு அழைத்துப் போவாயா?" என்று கேட்டேன்.

மலையேற்றம்

அவள் பெயரையும் அவள் ஊரின் பெயரையும் இங்கே நான் சொல்லவில்லை. அவற்றை மேடையிற் சொல்ல அவளிடம் இசைவு பெறவில்லை என்பதே காரணம். மற்றப் பெயர்களையெல்லாம் சொல்கிறேன்.

கொல்லிமலை நமக்கு அயலான மலையன்று. 1997ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக, ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்து நிற்பது. வானம் தெளிந்த நாளில் நம்மில் பலர் வீட்டு மாடியிலிருந்தே அதனைப் பார்த்திருப்போம். சேந்தமங்கலம் வழியாகச் சென்றால் அடிவாரத்தில் காரவள்ளி. அங்கிருந்து மேலே சோளக்காடு சேரும்வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. பேருந்தில் அமர்ந்து எண்ணிக் கொண்டே சென்றேன். முப்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கொண்டேன். என் மாணவி பக்கத்தில் அமர்ந்து எலுமிச்சம்பழத்தை என் கையில் வைத்து, "முகர்ந்துக்கிட்டே வாங்கம்மா, சரியாயிடும்" என்றாள். அன்று முதல் ஆசிரியர் யார், மாணவர் யார் என்பது எங்களுக்குள் மாறிவிட்டது.

மேலே சென்றால் மலையுச்சி என்று நாம் நினைப்பது போல் ஒரு கூர்முனை இல்லை. அகன்ற மேட்டுநிலம். அதில் நெல்வயல், மிளகுக்கொடி படர்ந்த மரங்கள், காப்பித் தோட்டம், பலா, வாழை, அன்னாசி, சரிவுகளிலெல்லாம் மரவள்ளி. அங்கே வாழும் மக்களுக்கு மலையாளி என்று பெயர். மலையை ஆள்பவர் என்றோ மலையில் வாழ்பவர் என்றோ பொருள் கொள்ளலாம், கேரளத்தாரோடு தொடர்பில்லை. அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பியர் மூவர் சேர்வராயன்மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகிய மூன்றிலும் சென்று குடியேறினர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. ஊர்களின் தொகுதியை அவர்கள் 'நாடு' என்றே வழங்குகின்றனர். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு, அரியூர் நாடு என்று அப்பெயர்கள் நீள்கின்றன. வரலாற்று நூல்களில் கல்வெட்டுச் சொல்லாக நாம் படிக்கும் நாட்டுப் பிரிவு, அங்கே பேருந்தின் பெயர்ப்பலகையில் ஓடிக்கொண்டிருக்கின்றது.

வளப்பூர் நாட்டில் அறப்பளீசுவரர் கோயில் உள்ளது. அப்பரும் சம்பந்தரும் தம் பாடல்களில் குறிப்பிட்ட வைப்புத்தலம் அது. பிற்காலத்தில் அம்பலவாணக் கவிராயர் அறப்பளீசுர சதகம் பாடியது அவ்விறைவன் மீதுதான். கோயிலிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி. ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழுகின்றது. அங்கே நின்றபோது, நம் கவியரங்குகளிற் கேட்ட உவமைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் நினைவுக்கு வந்தன. உருக்கிய வெள்ளி, மலைமகளின் கூந்தல், வானம் நெய்த துகில். நானும் ஏதோ ஓர் உவமையை உரக்கச் சொன்னேன்.

என் மாணவி, "இது அய்யாறு அம்மா" என்றாள்.

"அருவியின் பெயர் ஆகாய கங்கைதானே?" என்று கேட்டேன்.

"விழற எடத்துக்குத்தான் அந்தப் பேரு. தண்ணி அய்யாறு. மேல எங்க வயலைத் தாண்டித்தான் வருது. கீழே புளியஞ்சோலைப் பக்கம் போகுது" என்றாள்.

அன்பர்களே, நான் கண்டது ஒரு காட்சியை. அவள் கண்டது ஓர் ஆற்றை. அவ்வாற்றின் நெடிய போக்கில் அருவி ஓர் இடம்; அது எங்கிருந்து வருகின்றது, யார் வயலை நனைத்து வருகின்றது, எங்கே போகின்றது என்பதெல்லாம் அவளுக்கு அந்த ஒரு பெயருக்குள் இருந்தன. என் உவமையில் அவற்றுள் எதற்கும் இடமில்லை.

உலக்கையின் எடை

அவள் வீட்டிற்குப் பேருந்திலிருந்து இறங்கி ஒரு மணி நேரம் நடந்தோம். வீட்டில் அவளுடைய ஆயா இருந்தார். "டீச்சரம்மா, குளிருதுங்களா?" என்று கேட்டுக் கொண்டே அடுப்பருகே பலகை போட்டார். இரவு சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும். உண்ட பின் நான் வந்த நோக்கத்தைச் சொன்னேன். அவருக்கு வியப்பு. தினையைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்றார். பிறகு உள்ளே சென்று, மூங்கிற்கூடையிலிருந்தும் சுரைக்குடுவையிலிருந்தும் துணி முடிச்சுகளை எடுத்து வந்து, ஒவ்வொன்றாக அவிழ்த்து என் உள்ளங்கையில் கொட்டினார்.

கட்டவெட்டிச் சாமை. மல்லியச் சாமை. பெருஞ்சாமை. சுருட்டைக் கேழ்வரகு. கருமுழியான் என்ற இன்னொரு கேழ்வரகு. செந்தினை. பெருந்தினை.

எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன. மங்கலான விளக்கொளியில் அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பிரித்துக் காட்டினார். இது முன்னால் விளையும், இது பின்னால். இது மேட்டுச் சரிவுக்கு ஆகும், இது ஆகாது. இது சோற்றுக்கு, இது மாவுக்கு. ஒவ்வொரு பெயருக்குள்ளும் ஒரு மண், ஒரு மழை, ஒரு சமையல் அடங்கியிருந்தன. ஏட்டில் நான் படித்த கருப்பொருள் என்னும் சொல் அன்றுதான் எனக்கு விளங்கியது.

திரிகுலச் சாமை என்று ஒன்றையும் அவர் சொன்னார். அதனைக் காட்டுங்கள் என்றேன். சற்று நேரம் முடிச்சுகளைத் துழாவிவிட்டு, "பேரு இருக்குது டீச்சரம்மா. எங்க ஊட்டுல வெத போயிருச்சு" என்றார்.

நான் உடனே வருந்தத் தொடங்கினேன். பழைய பயிர்கள் அழிகின்றனவே, மக்கள் மரவள்ளிக்கு மாறிவிட்டார்களே என்று கற்றவர்கள் பேசும் முறையில் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பின்பு மூலையில் சாத்தியிருந்த உலக்கையை எடுத்து என்னிடம் நீட்டினார். "நாளு முச்சூடும் இடிச்சுப் பாருங்க" என்றார்.

மறுநாள் காலையில் இடித்துப் பார்த்தேன். சாமையின் உமி எளிதில் நீங்குவதன்று. கால் மணி நேரத்தில் என் கை கொப்பளித்தது. உரலில் இருந்ததில் பாதிக்கு மேல் உமியோடுதான் கிடந்தது. அதன்பின் அவர் சொன்னவற்றைத் தொகுத்துக் கூறுகின்றேன். மணமாகி வந்த நாள் முதல் விடியுமுன் எழுந்து அன்றைய சோற்றுக்கு அன்றன்று இடித்தவர் அவர். மலைக்குப் பேருந்து வந்தது. நியாயவிலைக் கடையில் அரிசி வந்தது. சமவெளிச் சேகோ ஆலைகள் சவ்வரிசிக்காக மரவள்ளிக் கிழங்கை விலைகொடுத்து வாங்கின. அப்பணத்தில்தான் பேத்தி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மரவள்ளி வந்ததால் சாமை சுருங்கியது என்பது உண்மை. மரவள்ளி வந்ததால் என் வகுப்பில் அவள் உட்கார்ந்திருந்தாள் என்பதும் உண்மை.

இவ்வுண்மைகள் இரண்டையும் ஒருசேரத் தாங்காத கவிதை, மலையைப் பற்றிய கவிதையாகாது என்று எனக்குத் தோன்றுகின்றது. அழிந்து போகும் பழமைக்காகக் கண்ணீர் வடிப்பது நமக்கு எளிது. உலக்கை நம் கையில் இல்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அம்மலையில் சிறுதானிய வகைகளைப் பதிவு செய்தும், விதைகளைச் சேமித்துப் பகிரும் ஏற்பாடுகளைச் செய்தும், உமி நீக்கும் சிறு இயந்திரங்களை ஊர்களுக்குக் கொண்டு சேர்த்தும் பணியாற்றி வந்துள்ளது. விதையைக் காக்க விரும்பியவர்கள், முதலில் பெண்களின் தோள்வலியைக் கணக்கில் எடுத்துக் கொண்டார்கள் என்பது கவிஞர்கள் கருதத்தக்க செய்தி.

பெயரறிந்த புலவர்கள்

இம்மலையைப் பாடிய பழம்புலவர்களை இனி எண்ணிப் பாருங்கள்.

புறநானூற்றின் 152ஆம் பாடல் வன்பரணர் பாடியது. வல்வில் ஓரியின் அம்பு ஒன்று யானையை வீழ்த்தி, புலியைக் கடந்து, மானை உருட்டி, பன்றியைத் துளைத்து, புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைத்ததாகச் சொல்லும் பாடல் அது. ஓர் அம்பு ஐந்து விலங்குகளைத் தைக்குமா என்று ஆராய்வோர் ஆராயட்டும். நான் பார்ப்பது வேறொன்றை. பெரிய விலங்கு முதல் சிறிய விலங்கு வரை, காட்டின் அடுக்கு முழுவதும் அவ்வம்பின் வழியில் வரிசையாகப் பெயர் பெறுகின்றது. பாடலின் பிற்பகுதியும் நினைக்கத்தக்கது. வேட்டுவன் யாரென்று அறியாமல் பாணர் கூட்டம் பாடுகின்றது; பாடலினூடே அவன் பெயரைச் சொல்ல நேர்ந்தபோது, அது தன் பெயராதலால் அவன் நாணுகின்றான். பின்பு ஊனும் நறவும் தன் மலையிற் பிறந்த பொன்னும் மணியும் கொடுக்கின்றான். பெயர் சொல்லப்பட்ட அந்த நொடியில், அறியாதவர் இருவரிடையே உறவு பிறக்கின்றது.

அகநானூற்றின் 209ஆம் பாடலில், ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்த காரியின் செய்தியைக் கல்லாடனார் சொல்கின்றார். நற்றிணையின் 201ஆம் பாடலில், காற்று மோதினும், மழை கடுகினும், இடி விழினும், நிலமே அதிரினும் தன் உரு மாறாத கொல்லிப்பாவையைப் பரணர் சொல்கின்றார். இவ்விரு பாடல்களிலும் கொல்லிக்கு அடையாக வருவது எது தெரியுமா? வேரிற் பழுத்த பலா. போரைப் பற்றிய பாடலிலும் தெய்வப்பாவையைப் பற்றிய பாடலிலும் அம்மலையின் பலா தவறாமல் இடம்பெறுகின்றது. நான் அங்கே சென்றபோதும் வீட்டுக்கு வீடு பலா நின்றது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் அம்மலைக்குச் சென்று, ஆம், இவர்கள் சொன்னது இந்த மலையைத்தான் என்று உறுதி செய்து கொள்ளத்தக்க வகையில் அவர்கள் பாடியிருக்கின்றார்கள்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களைப் பெயர் சொல்லி அடுக்குகின்றார். மலைபடுகடாம் 583 அடிகளை உடையது. நன்னனின் மலைவழியை நடந்து காட்டும் அப்பாட்டு, மலையில் எழும் ஒலிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுச் சொல்லி, அவ்வொலியாலேயே பெயரும் பெற்றது. இவற்றை வெறும் பட்டியல் என்று சிலர் தள்ளுவர். பட்டியலாகத் தோன்றுவது, அவற்றுள் ஒன்றையும் நாம் பார்த்திராததால்தான். ஆயா தம் துணி முடிச்சுகளை அவிழ்த்தபோது சொன்னதும் ஒரு பட்டியலே. அதனைக் கேட்டுக் கொண்டிருந்தவர்களுள் ஒருத்திக்கு அது வாழ்க்கை. இன்னொருத்திக்கு அது சொல்.

கபிலரின் பூக்களிலும் இன்று பலவற்றைப் பற்றி, இந்தப் பெயர் எந்தச் செடியைக் குறிப்பது என்று அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நூல் இருக்கின்றது, சொல் இருக்கின்றது, செடி எதுவென்று சொல்ல ஆளில்லை. "பேரு இருக்குது, வெத போயிருச்சு" என்று ஆயா சொன்னபோது, தமிழ்த்துறைகளில் நாங்கள் காத்து வரும் செல்வத்தின் நிலையை ஒரே தொடரில் சொல்லிவிட்டதாக எனக்குப் பட்டது. இதற்கு மறுதலையான இழப்பும் உண்டு. சரிவில் செடி நிற்கும். அதற்குப் பெயர் சொல்ல ஆளிருக்காது. முன்னது புலவர் கையில் நேரும் இழப்பு. பின்னது ஊரார் வாயில் நேரும் இழப்பு. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள் நாம்.

கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள்

இப்போது நான் தொடக்கத்தில் சொல்லாமல் வைத்த காரணத்திற்கு வருகின்றேன்.

இந்தப் பத்தாண்டுகளில் நம் வட்டத்தில் படிக்கப்பெற்ற கவிதைகளில் மலை வராத மாதம் அரிது. ஆனால் அம்மலைக்குப் பெயர் இல்லை. அருவி வரும், அது எந்த ஆறு என்று இல்லை. காட்டுப்பூ வரும், பறவை வரும், பழங்குடிப் பெண் வருவாள். ஒன்றுக்கும் பெயர் இல்லை. பெயரில்லாத மலையைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அது மறுத்துப் பேசாது. பெயருள்ள மலை அப்படியன்று. நம் சொல் பொய்யானால் அங்கே ஒரு மாணவி எழுந்து நின்று, "இல்லைங்கம்மா" என்பாள்.

காலமும் இதற்கே துணை செய்கின்றது. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நல்ல செய்தி, அதனால் சிறுதானியத்துக்கு நகரங்களில் மதிப்பு கூடியது. ஆயின் நகரக் கடைகளில் 'சிறுதானியம்' என்ற ஒரே சொல் பெரிதாக அச்சிடப்பட்ட பொட்டலங்களைப் பார்க்கும்போது எனக்கு ஓர் அச்சம். கட்டவெட்டியும் மல்லியமும் சுருட்டையும் கருமுழியானும் அந்தப் பொதுச்சொல்லின் வயிற்றுக்குள் போய்விடுமோ என்பதே அது. காட்சிமுனை, அருவி, படகுத்துறை என்று சுற்றுலாப் பயணியின் ஒரு நாளுக்குள் மலை முடிந்துவிடுவதும் இதனைப் போன்றதே. சீக்குப்பாறையில் நின்று கீழே பார்த்துப் படம் எடுத்துக் கொள்வது தவறன்று. நானும் எடுத்துக் கொண்டேன். அங்கே நிற்கையில் திரும்பி ஒருமுறை மலையின் பக்கமும் பார்க்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

ஆகவே பத்தாம் ஆண்டு நிறைவில் இவ்வட்டத்திற்கு ஒரு சிறு வேண்டுகோளை வைக்கின்றேன். அடுத்த ஆண்டுக்குள் நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊரில் முதியவர் ஒருவரிடம் சென்று பத்துப் பெயர்களைக் கேட்டு எழுதிவர வேண்டும். பயிரின் பெயராகலாம், ஓடையின் பெயராகலாம், பாறையின், காற்றின், கருவியின் பெயராகலாம். பெயரோடு அது எதைக் குறிப்பது, எப்போது, எதற்கு வழங்குவது என்பதையும் எழுத வேண்டும். சொன்னவர் இசைந்தால் அவர் பெயரை மேலே எழுதி, நம் பெயரைக் கீழே எழுத வேண்டும். கவிதை பிறகு வரட்டும், வராவிட்டாலும் குற்றமில்லை. வட்டத்தின் அலமாரியில் அந்தச் சுவடி இருந்தால் போதும்.

இறுதியாக ஒன்று. மலையிலிருந்து திரும்பிய அடுத்த வாரம், அதே வகுப்பிற்குச் சென்றேன். கரும்பலகையில் 'பெருந்திணை', 'பெருந்தினை' என்று இரண்டையும் எழுதினேன். "முன்னதை நான் உங்களுக்கு நடத்தினேன். பின்னது எனக்குத் தெரியாது. தெரிந்தவரை நான் திருத்தினேன். அன்று பிழை செய்தவள் நான்" என்று சொன்னேன். வகுப்பு சிரிக்கவில்லை. பின்பு அவளை அழைத்து என் இடத்தில் நிறுத்தி, நான் கடைசி வரிசையில் அவள் இடத்தில் அமர்ந்தேன். தன் பெயரைச் சொல்லி நான் அழைத்தபோது அவள் நாணித் தயங்கினாள். ஓரியின் நாணம் எத்தகையது என்பதை அன்று பார்த்தேன். பிறகு பையிலிருந்து ஆயா கொடுத்தனுப்பிய முடிச்சுகளை எடுத்து மேசைமேல் வைத்து, ஒவ்வொன்றையும் வகுப்பைச் சுற்றி அனுப்பி, முப்பது நிமிடம் பேசினாள். குறிப்பேட்டில் நான் எழுதிக் கொண்டேன். திரிகுலச் சாமைக்கு நேரே மட்டும் ஓர் இடம் வெறுமையாக விட்டிருக்கின்றேன். பக்கத்து நாட்டில் யாரிடமாவது விதை இருக்கும் என்று ஆயா சொல்லியனுப்பியிருந்தார். கிடைத்தால் அதில் இரண்டு மணிகளை ஒட்டி வைக்க வேண்டும்.

அந்தக் குறிப்பேட்டை இன்று கையோடு கொண்டு வந்திருக்கின்றேன். கூட்டம் முடிந்தபின் பார்க்க விரும்புவோர் பார்க்கலாம்.